பள்ளிக்கூடம் நின்ற இடம்

நம் சங்கம் வெள்ளிவிழாக் காணும் இந்நாளில், வேம்பாரில் நம் தொடக்கப்பள்ளியை நடுநிலைப்பள்ளியாக உயர்த்த வேண்டும், அதற்கெனப் புதிய கட்டடம் எழுப்ப வேண்டும் என்னும் எண்ணம் உறுப்பினர் அனைவரிடமும் வேரூன்றியிருக்கின்றது. கம்பி என்ன விலை, சிமெண்டு எத்தனை மூட்டை ஆகும், மேல்தளத்தை இப்பொழுதே போடுவதா பின்னர்ப் போடுவதா என்று இளைஞர்கள் வினவுகின்றனர். இவை யாவும் கேட்கத்தக்க வினாக்களே. ஆயினும் இவற்றிற்கு முன்னர்க் கேட்க வேண்டிய வினாக்கள் வேறு சில உள. பள்ளி எந்த இடத்தில் நிற்பது? அதன் வாசல் எந்தத் தெருவைப் பார்த்துத் திறப்பது? தண்ணீர் எங்கே கிடைப்பது? பிள்ளைகள் எங்கே அமர்ந்து உண்பது? கொத்தனாரிடம் விடக்கூடிய சிறிய செய்திகளாக இவை தோன்றலாம். ஆனால் நம் மக்கள் கல்வி பெற்ற வரலாற்றையும் பெறாது போன வரலாற்றையும் புரட்டிப் பார்த்தால், ஏட்டில் எழுதிய உரிமையைக் கட்டடம் தடுத்த கதையே பக்கத்துக்குப் பக்கம் காணப்படுகின்றது. அதனை இம்மலரில் ஒருவாறு எடுத்துரைக்க முற்படுகின்றோம்.

பழைய தமிழகத்தில் பள்ளிக்கூடத்திற்கெனத் தனிக் கட்டடம் பெரும்பாலும் இருந்ததில்லை. திண்ணையே பள்ளி. ஆசிரியர் தம் வீட்டுத் திண்ணையிலோ ஊர்ப் பெரியவர் ஒருவர் வீட்டுத் திண்ணையிலோ அமர்ந்து, பிள்ளைகளை மணலில் விரலால் எழுதச் செய்து, பின்னர் ஓலைக்கு ஏற்றுவார். சென்னை எழும்பூரில் ஆண் பிள்ளைகளின் அனாதை விடுதியை நடத்திவந்த ஆண்ட்ரூ பெல் என்பவர், இவ்வாறு மணலில் எழுதும் முறையையும் மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் முறையையும் கண்டு வியந்து, 1797இல் இங்கிலாந்தில் நூலாக வெளியிட்டார். அது சென்னை முறை என்னும் பெயரால் அந்நாட்டுப் பள்ளிகளிலும் பரவியது. ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் கணக்கெடுக்கப் பணித்து 1826இல் எழுதிய குறிப்பில், சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன என்றும், ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி வீதம் அமைந்திருந்தன என்றும் கூறியுள்ளார்.

இவ்வெண்ணைப் படித்துப் பெருமிதம் கொள்வோர் பலர். நாமும் பெருமிதம் கொள்வதில் தடையில்லை. ஆனால் திண்ணை என்பது யாது என்று சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். அது ஒருவருடைய வீட்டின் உறுப்பு. அவ்வீடு ஒரு தெருவில் நிற்கின்றது. அத்தெருவிலே நடக்க உரிமையற்ற குடும்பத்துப் பிள்ளை, திண்ணையில் ஏறுவது எங்ஙனம்? கற்பிக்கும் முறை சிறந்ததாயிருந்தது. கற்பிக்கும் இடமோ நமக்கு எட்டாததாயிருந்தது.

நம் கடற்கரையின் நிலையும் இதனோடு ஒப்பிடத்தக்கது. வேம்பார் முத்துக்குளித்துறையின் ஏழு ஊர்களுள் ஒன்றாகப் பெயர் பெற்றது. 1542இல் பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்த காலந்தொட்டு இங்கே கோயில்களும் அவற்றையொட்டி மறைக்கல்வியும் எழுத்துக்கல்வியும் தோன்றலாயின. புன்னைக்காயலை மையமாகக் கொண்டு உழைத்த அன்றீக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் தம்பிரான் வணக்கம் என்னும் நூலை அச்சிட்டார் என்பதை நம் மாணவர் அறிவர். கடலை அண்டி வாழ்ந்தோர்க்கு ஒருவகையில் கல்வியின் வாசல் அவ்வளவு முன்னரே திறந்தது. கரைக்கு உள்ளே, பனங்காட்டிலும் கரிசலிலும் கூலிக்கு உழைத்த நம் முன்னோர்க்கு அது திறக்க மேலும் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அரசு முதன்முதலாக இதனைக் கருத்திற் கொண்டது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேதான். செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் திரெமென்கீர் 1891இல் பறையர் நிலை குறித்து எழுதிய அறிக்கையும், அதனைத் தொடர்ந்து 1892இல் பிறந்த நில ஒப்படை ஆணையும் பலரும் அறிந்தவை. பஞ்சமி நிலம் என்று இன்றும் நாம் வழக்காடும் நிலத்தின் தோற்றுவாய் அதுவே. அதற்கு அடுத்து 1893இல் வெளிவந்த கல்வி ஆணையை நம் இளைஞர் அவ்வளவாக அறியார். பஞ்சமர் கல்வியின் உரிமைச் சாசனம் என்று பின்னாளில் அழைக்கப்பட்ட அவ்வாணை, சேரிகளில் தனிப்பள்ளிகள் திறக்கவும், பள்ளிக்கெனப் புறம்போக்கு நிலம் ஒதுக்கவும், உதவித்தொகையை உயர்த்தி வழங்கவும் வழிசெய்தது. பள்ளிக்கு நிலம் வேண்டும் என்பதை அரசு ஒப்புக்கொண்ட ஆணை அது. அடுத்த ஆண்டே, 1894இல், பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட் சென்னை அடையாற்றை அடுத்த ஊரூரில் தம் முதல் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். 1901இல் மயிலாப்பூரில் திருவள்ளுவர் பெயரால் மற்றொன்று எழுந்தது. பண்டிதர் அயோத்திதாசரின் நட்பும் தூண்டுதலும் ஆல்காட்டின் இம்முயற்சியில் உண்டு என்பதை நம்மவர் மறத்தலாகாது.

இனி, இக்கட்டுரையின் உயிர்நிலையான செய்திக்கு வருகின்றோம். பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளிகளில் எச்சாதிப் பிள்ளையையும் சேர்த்தல் வேண்டும் என்பது அரசின் கொள்கையாகவே பல்லாண்டு இருந்து வந்தது. தடைச்சட்டம் எதுவும் இல்லை. அவ்வாறிருந்தும், 1919இல் அரசு கணக்குப் பார்த்தபொழுது, பொது நிர்வாகத்தில் இருந்த 8,157 பள்ளிகளுள் பஞ்சமப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டவை 609 மட்டுமே என்பது வெளிப்பட்டது. நூற்றுக்கு எட்டுக்கூட இல்லை! காரணம் தேடியபோது கிடைத்த விடைகளுள் தலையாயது, பள்ளி நடந்த இடம். அக்கிரகாரத்தில் ஒரு பள்ளி, கோயில் மண்டபத்தில் ஒரு பள்ளி, ஊர்ச் சாவடியில் ஒரு பள்ளி என்று இருந்தால், சேர்க்கைப் பதிவேட்டில் இடம் இருந்தும் சேர வருவோன் கால்வைக்க இடம் இல்லை. தலைமையாசிரியர் மறுத்தார் என்று குற்றம் சாட்டவும் இயலாது. அவர் மறுக்க வேண்டிய தேவையே எழவில்லை. பிள்ளை அவர் முன் வந்து நிற்கவே தெரு விடாது. அவ்வாண்டு அரசு, இத்தகைய இடங்களில் நடக்கும் பள்ளிகளை எல்லாரும் அணுகத்தக்க இடங்களுக்கு மாற்ற வேண்டும் என்று ஆணையிட்டது.

எம்மைக் கேட்டால், நம் சமுதாயக் கல்வி வரலாற்றில் மனப்பாடம் செய்யத்தக்க எண்கள் இவ்விரண்டுமே என்போம். நாற்பது ஆண்டுகளுக்கு முன் நாம் படித்த வரலாற்றுப் பாடநூலில் பானிப்பட்டுப் போர்கள் மூன்றும் ஆண்டோடு இருந்தன. இவ்விரண்டு எண்களும் இல்லை.

ஆணை பிறந்தவுடன் பள்ளிகள் இடம்பெயர்ந்துவிட்டன என்று கருதுதல் வேண்டா. சென்னைச் சட்டமன்றத்தில் எம்.சி.ராஜாவும் இரட்டைமலை சீனிவாசனும் இக்குறைகளை இடைவிடாது எழுப்பிய வண்ணம் இருந்தனர். பறையர், பஞ்சமர் என்னும் பெயர்களை நீக்கி ஆதிதிராவிடர் என்னும் பெயரை அரசு ஏற்றது 1922இல். பொதுவழி, பொதுக்கிணறு, குளம், பொது அலுவலகம் ஆகியவற்றை யாவரும் பயன்படுத்தத் தடையில்லை என்னும் தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்து நிறைவேறச் செய்தது 1924இல். பள்ளிக்குச் செல்லப் பாதை வேண்டும், பள்ளியில் குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்னும் இரண்டையும் அத்தீர்மானத்தோடு சேர்த்தே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பொதுப்பள்ளி திறவாத நிலையில் தனிப்பள்ளியே புகலிடமாயிற்று. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பெயரால் கல்விக் கழகம் தொடங்கிப் பள்ளியும் விடுதியும் வளர்த்தார். நந்தனுக்கு வாயில் அடைத்த கதை வழங்கும் ஊரிலேயே அவன் பெயரால் பள்ளி வாயிலைத் திறந்து வைத்தார் என்பது எண்ண எண்ண இனிப்பது. நம்முடையது போன்ற கல்விச் சங்கங்கள் யாவற்றுக்கும் அவரே முன்னோடி என்பதில் ஐயமில்லை. அரசின் பக்கத்தில், 1920 அளவில் அமைந்த தொழிலாளர் துறை சேரிகளில் பள்ளிகள் நடத்தியது. அப்பொறுப்பு 1949இல் அரிசன நலத்துறைக்குச் சென்று, பின்னர் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் என்று பெயர் பெற்றது. நம்மில் எழுத்தறிந்த முதல் தலைமுறையினர் பலரை உருவாக்கியவை இப்பள்ளிகளே. இதனை நன்றியோடு கூறுகின்றோம்.

ஆனால் நன்றி கண்ணை மறைத்தல் கூடாது. தனிப்பள்ளி நமக்குக் கூரையைத் தந்தது; ஊருக்கோ தன் பள்ளியைத் திறவாமலிருக்க ஒரு சாக்கினையும் தந்தது. அவர்களுக்குத்தான் தனியே இருக்கிறதே என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. அக்கூரையும் எத்தகையது? கிடுகு வேய்ந்த ஒற்றைக் கொட்டகை. மண்சுவர் இடுப்பளவு. ஐந்து வகுப்பும் ஒரே அறையில். ஒரு வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லும் போது அடுத்த வகுப்பு ஆத்திசூடியை நிறுத்திக் காத்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பிள்ளைகள் ஒரு மூலையில் ஒடுங்கி நிற்பர். அப்படியொரு கொட்டகையில் அகரம் பயின்றவர்களே நாமும். அதனை வறுமையின் அழகு என்று பாடுவோர் பாடட்டும். ஒழுகும் கூரையின் கீழ் ஓராண்டில் எத்தனை நாள் பாடம் நடந்திருக்கும் என்பதை ஓர் ஆசிரியன் என்ற முறையில் எண்ணினால் நெஞ்சு பதைக்கின்றது.

உணவு உண்ணும் இடமும் வரலாற்றில் பெரும் பூசலுக்கு இடமாயிற்று. நம் நெல்லைச் சீமையின் சேரன்மாதேவியில் வ.வே.சு.ஐயர் 1922இல் குருகுலம் ஒன்றை நிறுவினார். நாட்டுப்பற்று மிக்க இளைஞரை உருவாக்குதல் அதன் நோக்கம். தமிழ்நாட்டுக் காங்கிரசு பத்தாயிரம் ரூபாய் தருவதாக ஒப்பி ஐயாயிரத்தைக் கொடுத்தது. அங்கே பிராமணப் பிள்ளைகள் இருவர் தனியே உண்ண வைக்கப்பட்டனர் என்னும் செய்தி வெளிவந்ததும், பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் எதிர்த்தனர். 1924, 1925 ஆண்டுகளில் தமிழ்நாட்டு அரசியலையே அது புரட்டிப் போட்டது. பாடத்திட்டத்தில் வேற்றுமை இல்லை, விளையாட்டில் இல்லை, உண்ணும் இலை போட்ட இடத்தில் இருந்தது. இத்தனைக்கும் அங்கே ஒதுக்கப்பட்டதாக எழுந்த குறை, பிராமணரல்லாத பிற சாதியாரின் குறை. நம் பிள்ளைகள் அந்தப் பந்தியின் கணக்கிலேயே பெரிதாக வரவில்லை என்பதையும் குறித்துக்கொள்க.

ஏறத்தாழ முப்பது ஆண்டு கழித்து, சேரன்மாதேவிக்கு விடை கூறுவதுபோல் ஒன்று நிகழ்ந்தது. வேம்பாருக்கு அண்டையில் உள்ள எட்டயபுரத்தில், 1956இல், காமராசர் பள்ளி மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 1958 முதல் கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் தாமே நிலமும் மரமும் ஓடும் கரும்பலகையும் அளித்தனர். தமிழ்நாட்டுக் கிராமப் பள்ளிகள் பலவற்றின் கிடுகு ஓடாக மாறியது அக்காலத்தே. 1982இல் சத்துணவுத் திட்டம் வந்தபோது பள்ளிதோறும் சமையற்கூடம் இன்றியமையாததாயிற்று. 2022இல் காலை உணவும் சேர்ந்தது. எனினும் சமைப்பவர் நம்மவர் என்றால் உண்ணாமல் தட்டைத் திருப்பும் செய்தி இன்றும் செய்தித்தாளில் வருகின்றது. ஆகவே சமையற்கூடத்தையும் உணவுக்கூடத்தையும் மதிற்சுவரின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு அவரவர் கூட்டத்தோடு மரத்தடிக்குச் செல்ல விடும் திட்டத்தை நாம் ஏற்பதற்கில்லை. எல்லாரும் ஒரே வரிசையில் அமரத்தக்க நீண்ட தளம் ஒன்று வேண்டும். தாழ்வாரத்தை எட்டடி அகலமாகப் போட்டால் அதுவே போதும். தனிக்கூடத்திற்குப் பணம் தேட வேண்டியதில்லை.

தண்ணீரைப் பற்றிச் சொல்ல அண்ணல் அம்பேத்கரைவிடத் தகுந்த சான்று இல்லை. சதாராவில் பள்ளி மாணவராயிருந்தபோது, வகுப்பின் ஒரு மூலையில், வீட்டிலிருந்து தாமே கொண்டுவந்த சாக்கில் அமர்ந்ததையும், பள்ளிச் சேவகன் ஊற்றினாலன்றித் தண்ணீர் கிடையாமல் அவன் வராத நாளில் தாகத்தோடு இருந்ததையும் அவரே எழுதியுள்ளார். பின்னாளில் அவர் 1945இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கி, பம்பாயிலும் ஔரங்காபாத்திலும் கல்லூரிகள் எழுப்பினார். நம் பள்ளித் திட்டத்தில் குடிநீர் பத்துக் குழாய்களோடு முற்றத்தின் நடுவே, எல்லா வகுப்பின் கண்ணுக்கும் தெரியுமாறு அமைதல் வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது அந்தச் சிறுவனை எண்ணியே. மூலையில் வைத்த பானைக்குக் காவற்காரன் தோன்றிவிடுவான். நடு முற்றத்துக் குழாய்க்கு அவன் தேவையில்லை.

இனி நம் மண்ணின் இயல்பைக் காண்போம். வேம்பார் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ ஒன்பது பாகையில் உள்ளது. மார்கழியில் நண்பகற் சூரியன் தெற்கே நன்கு சாய்ந்து நிற்கும். ஆனியில் வடக்கே சற்றே சாய்ந்து, உச்சியை ஒட்டி நிற்கும். கிழக்கிலும் மேற்கிலும் காலை மாலை வெயில் நேரே அறைக்குள் புகும். எனவே வகுப்பறை வரிசை கிழக்கு மேற்காக நீண்டு, சாளரங்கள் வடக்கிலும் தெற்கிலும் அமைதல் முறை. தெற்கே தாழ்வாரம் வந்தால் மார்கழி, தை வெயிலை அது தாங்கிக்கொள்ளும். வடக்கே இரண்டடி அளவில் கொத்தனார் சன்ஷேடு என்று சொல்லும் மறைப்பே போதுமானது. கரும்பலகையைக் கிழக்குச் சுவரில் வைத்தால் பிள்ளைகள் கிழக்கு நோக்கி அமர்வர். வடவெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வரும். எழுதும் கையின் நிழல் ஏட்டில் விழாது. இவற்றுள் எதற்கும் ஒரு காசு மிகுதியாகச் செலவில்லை. நாம் பணியாற்றிய பள்ளி ஒன்றில் கரும்பலகையின் இருபுறமும் சாளரம் வைத்துக் கட்டியிருந்தனர். நாள்முழுதும் கண்கூசி, பின்வரிசைப் பிள்ளைகள் எழுத்தைக் கேட்டே எழுதினர். கடைசிவரை அக்கட்டடத்திற்கு வெள்ளையடித்தார்களேயன்றிச் சாளரத்தை மாற்றினாரில்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணலை வாரி இறைக்கும் மேற்குச் சுவரில் திறப்பே வைக்காதிருத்தல் நலம். அப்பக்கம் வேம்பும் பூவரசும் இப்பொழுதே நட்டுவிட்டால், கட்டடம் முடியும் போது அவை ஆள் உயரம் வந்திருக்கும்.

கடற்கரையில் கட்டடத்தின் முதற்பகை உப்பு. முற்காலத்தில் இக்கரையில் முருகைக்கல்லைச் சுவருக்கும், அதனையும் கிளிஞ்சலையும் சுட்டெடுத்த சுண்ணாம்பைக் காரைக்கும், முற்றிய பனைமரத்தைக் கைமரத்திற்கும் பயன்படுத்தினர். இரும்பு இல்லாத கட்டடம் ஆதலின் உப்பு அதனை விரைந்து அரிக்கவில்லை. ஆனால் முருகைக்கல் என்பது பவளப்பாறை. அதனை வெட்டி எடுத்ததன் விளைவாகத் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்னும் இரு தீவுகள் கடலில் அமிழ்ந்துவிட்டன. நம் ஊர்ப்பெயராலேயே வழங்கும் வேம்பார்த் தீவுத்தொகுதியில் உப்புத்தண்ணி, புளுவினிச்சல்லி, நல்லதண்ணி என மூன்று உண்டு. இவை யாவும் 1986 முதல் மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவிற்கு உட்பட்டவை. பவளப்பாறை 2001 முதல் காட்டுயிர்ச் சட்டத்தின் காவல் பெற்றது. ஆகவே பழைய முறைக்குத் திரும்பும் பேச்சுக்கே இடமில்லை. கம்பியும் கான்கிரீட்டும்தான் கதி என்றால், கடல்மணலையோ உப்புக் கிணற்று நீரையோ கலவையில் ஒரு சட்டியும் சேர்க்க விடலாகாது. கம்பி உள்ளே துருப்பிடித்துப் பருக்கும். பருத்தால் கான்கிரீட்டு வெடித்து உதிரும். பத்தே ஆண்டில் மேற்கூரைப் பூச்சு பிள்ளைகள் தலையில் விழுவதற்கு இதுவும் காரணம். கம்பியைச் சுற்றிக் கலவை தடிப்பாக இருத்தல் வேண்டும். பூச்சுக்குப் பின் இருவாரமேனும் நல்ல நீரால் நனைத்தல் வேண்டும். நம் சமுதாயத்தில் கட்டட வேலை அறிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. ஊரார் வீட்டிற்கெல்லாம் செவ்வனே கட்டிக்கொடுத்த அக்கைகள் நம் பள்ளிக்கு முறைவைத்து மேற்பார்வை பார்க்கலாம்.

இரண்டாம் பகை வெள்ளம். மழையற்ற சீமை என்று நாம் இறுமாந்திருந்தோம். 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் நம் மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. மாவட்டத்தின் ஓராண்டு மழையே ஏறத்தாழ 65 சென்டிமீட்டர்தான். ஆதலின் தரைமட்டத்தைச் சாலையினும் மூன்றடி உயர்த்துதல் நன்று. மூன்றடி உயர்த்தினால், மாற்றுத்திறனாளிப் பிள்ளையின் சக்கர நாற்காலிக்குரிய சாய்தளம் முப்பத்தாறு அடி நீளம் வேண்டும். அதற்குரிய இடத்தை முதலிலேயே வரைபடத்தில் விட்டுவைத்தல் வேண்டும். அதே மழையைச் சேமிக்கவும் கூடும். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஓர் ஆண்டில் விழும் நீரில் வீணாவது போக ஏறத்தாழ ஐம்பதாயிரம் லிட்டர் கிடைக்கும். நிலத்தடி நீர் உவர்க்கும் நம் ஊரில் இது பெருஞ்செல்வம்.

உயிர்க்காவல் பற்றி நீட்டி உரைக்க மனம் வரவில்லை. 2004 சூலை 16இல் கும்பகோணத்துத் தனியார் பள்ளியொன்றில் சமையற்கொட்டகைத் தீ மாடியின் கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் மாண்டனர். 2021 டிசம்பர் 17இல் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மாணவர் மூவர் மாண்டனர். கூரை ஓலையாயிருத்தல் ஆகாது. படிக்கட்டு குறுகியதாயும் ஒன்றேயாகவும் இருத்தல் ஆகாது. கழிப்பறைச் சுவர்தானே என்று அடித்தளமின்றி எழுப்புதல் ஆகாது. பெண்பிள்ளைகளின் கழிப்பறை ஆசிரியர் பார்வை எட்டும் இடத்தில், தாழ்ப்பாளும் தண்ணீரும் உடையதாய் இருந்தால், ஆறாம் வகுப்போடு நிற்கும் பெண்கள் சிலரேனும் எட்டாம் வகுப்பைக் காண்பர். இதனை முப்பது ஆண்டு வருகைப் பதிவேடுகளிலிருந்து கூறுகின்றோம்.

எத்தனை அறை வேண்டும் என்பதற்கு விடை எளிது. 2009இல் இயற்றி 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டம், ஆசிரியர் ஒருவருக்கு ஓர் அறையேனும் வேண்டும் என்றும், ஆறு முதல் எட்டு வகுப்புகளில் முப்பத்தைந்து பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்றும் கூறுகின்றது. எட்டு வகுப்புக்கு எட்டு அறை. நூலகத்திற்கும் அறிவியற் கருவிகளுக்கும் ஒன்று. தலைமையாசிரியருக்குச் சிறிதாக ஒன்று. அறை இருபதுக்கு இருபது அடி என்று கொண்டால் நானூறு சதுர அடி. இன்று நான்கு அறைக்கே பணம் உண்டு என்றால் நான்கைக் கட்டுவோம். ஆனால் அடித்தளத்தை மேல்தளம் தாங்குமாறு போட்டு, இரண்டாவது வரிசைக்கு நிலத்தை வெறுமையாக விடுதல் வேண்டும். பெருகும் சமுதாயத்திற்குக் கட்டும்போது இன்றைய ஆறாம் வகுப்பை எண்ணிப் பயனில்லை. அங்கன்வாடிப் பதிவேட்டை எடுத்து, மூன்று வயதுப் பிள்ளைகளை எண்ணுக. எட்டாண்டில் நடுநிலை வகுப்புகளில் அமரப்போகின்றவர்கள் அவர்களே.

இறுதியாக, சங்கத்தில் இன்னும் முடிவாகாத இடத்தின் சிக்கல். குடியிருப்பின் நடுவே நமக்கு உரிய மனை இருக்கின்றது. அங்கே கட்டினால் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு, செலவும் குறைவு என்று பெரியோர் கூறுகின்றனர். அவர்கள் அச்சம் காரணமற்றதன்று. 2023 ஆகத்தில் நாங்குநேரியில் பள்ளியில் உடன் பயின்றவர்களே நம் மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியதை மறந்துவிட்டு எவரும் பேச இயலாது. மறுபுறம், இளைஞர் சிலர் பொதுச்சாலையை ஒட்டி, ஊருக்கும் குடியிருப்புக்கும் இடைப்பட்ட மனையை வாங்க வேண்டும் என்கின்றனர். நாம் இளைஞர் பக்கம் நிற்கின்றோம். 1919இன் எண்களை அறிந்த ஒருவன் வேறு பக்கம் நிற்பது அரிது. அன்று பள்ளி அவர்கள் தெருவில் நின்றமையால் நாம் செல்ல இயலவில்லை. இன்று பள்ளி நம் தெருவின் உள்ளே நின்றால் அவர்கள் வாரார். வாராமலிருக்க அவர்களுக்குக் காரணமும் கிடைத்துவிடும். அண்டையில் வாழும் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் பயில வேண்டும் என்று 1966இல் கோத்தாரிக் குழு உரைத்தது. நாங்குநேரிக்குப் பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 சூனில் அளித்த அறிக்கை, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, இருக்கையைப் பெயரின் அகர வரிசையில் அமைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. நலத்துறைப் பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையோடு இணைப்பதாக அரசு 2023 நிதிநிலை அறிக்கையில் அறிவித்ததும் இதே திசையில் எடுத்த அடி. காலம் பொதுப்பள்ளியை நோக்கிச் செல்லும்போது, நம் கையால் ஒரு தனிப்பள்ளியை உள்தெருவில் கட்டுதல் பொருந்தாது.

பெரியோரின் அச்சத்திற்கும் வரைபடம் விடை கூறல் வேண்டும். சாலையைப் பார்த்த பெருவாயில் ஒன்று. குடியிருப்பைப் பார்த்த சிறுவாயில் ஒன்று. இரண்டும் தலைமையாசிரியர் அறையிலிருந்து தெரியுமாறு அமைதல் வேண்டும். மதில் மார்பளவு கல்லும் அதன்மேல் கம்பி வலையுமாக இருந்தால், உள்ளே நடப்பதைச் சாலையில் செல்வோரும் காண்பர். முதலாம் வகுப்பு அறை சாலை வாயிலுக்கு அருகிலேயே இருக்கட்டும். மனைக்குரிய தொகையில் குறைவது எவ்வளவு என்பதைப் பொருளாளர் வரும் பொதுக்குழுவில் வைக்க இருக்கின்றார். வரைபடத்தின் படி ஒன்று சங்க அலுவலகத்தின் சுவரில் மாட்டப்பெறும். உறுப்பினர் ஒவ்வொருவரும், சிறப்பாகத் தாய்மார்கள், அதனை வந்து பார்த்துத் தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் குறித்த இடம் சரிதானா என்று பென்சிலால் குறியிட்டுச் செல்லுமாறு வேண்டுகின்றோம்.